கட்டியை எடுக்கச் சொன்னோம், சினைப்பையையே எடுத்துவிட்டார்கள்

மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துக் கடை பில்கள், ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. கொண்டுவந்த பெண்ணுக்கு 27 வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். வலது சினைப்பையில் கட்டி என்று லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர். எட்டு மாதம் கழித்து, குழந்தை தங்கவில்லையே என்று வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கே ஸ்கேன் எடுத்தவர், “வலது பக்க ஓவரியை எப்பம்மா எடுத்தாங்க?” என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரே வரியாக அது இருந்தது. ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். என்ன அறுவை என்று எழுத வேண்டிய இடம் காலி. கீழே மாமனாரின் கையெழுத்து. அந்தப் பெண்ணின் கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்படி ஒரு ஃபைல் அல்ல, பல ஃபைல்களைப் பார்த்தாயிற்று. ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லுக்கே பயந்து, வேண்டாத அறுவைக்குப் படுத்தவர்கள் ஒரு பக்கம். அறுவைக்குப் பயந்து ஆறு மாதம் கஷாயத்தில் ஓட்டிவிட்டு, நோய் முற்றியபின் வருபவர்கள் இன்னொரு பக்கம். பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கவே போகாதவர்கள் மூன்றாவது. மூன்று தவறுக்கும் வேர் ஒன்றுதான்: கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதது.

எல்லாக் கட்டியும் கத்திக்கு உரியதல்ல

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய இரு சினைப்பைகளிலும் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சும். அதன்பின் ஒன்றுகூடப் புதிதாக உருவாகாது. சினைப்பையில் கத்தி வைத்தால், கட்டியோடு சேர்ந்து இந்தக் கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் போகும் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

பி.சி.ஓ.எஸ். என்பதை நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்கிறோம். ஸ்கேனில் முத்துமாலைபோல் தெரிபவை வளர்ச்சி நின்ற சிறு கருமுட்டைப் பைகள். அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகளே அல்ல. மாதவிடாய்ச் சுழற்சியில் தானாக உருவாகும் நீர் நிறைந்த சாதாரணக் கட்டியும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்களில் 5 செ.மீ.க்குள் உள்ள இத்தகைய கட்டிக்குத் தொடர் ஸ்கேன்கூட வேண்டியதில்லை, 5 முதல் 7 செ.மீ. வரை ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டல். அதற்கு மேல் பெரிதானால்தான் கூடுதல் பரிசோதனை, அறுவை என்ற பேச்சு வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எந்தக் கட்டியையும் கூடுதல் கவனத்தோடுதான் பார்க்க வேண்டும்.

டெர்மாய்டு கட்டிக்குள் முடி, கொழுப்பு, சில நேரம் பல்கூட இருக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சாக்லேட் கட்டி என்று சொல்லப்படும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டிதான் குழந்தைப்பேற்றைப் பொறுத்தவரை சிக்கலானது. அதன் உறை சினைப்பையோடு ஒட்டியிருப்பதால் உரித்தெடுக்கும்போது நல்ல திசுவும் கூடவே வந்துவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, இந்த அறுவைக்குப் பின், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாகக் காட்டியது. இரண்டு பக்கமும் அறுவை என்றால் இழப்பு இன்னும் அதிகம். ரத்தத்தை நிறுத்த மின்சூட்டால் கண்டபடி பொசுக்கினாலும் சினைப்பை பாழாகும். இயன்ற இடத்தில் தையல் போடுவதே நல்லது.

தாமதிக்கக் கூடாத இரண்டு நிலைமைகள்

அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. இதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். கட்டியின் எடையால் சினைப்பை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதே இரவில் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முறுக்கிய சினைப்பை கறுத்துப் போயிருந்தாலும், முறுக்கை அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. கறுத்திருக்கிறது என்பதற்காக மட்டும் இளம்பெண்ணின் சினைப்பையை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ நெறி.

இரண்டாவது, புற்றுநோய் சந்தேகம். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவை மூன்று வாரமாகத் தொடர்ந்தால் ஸ்கேன் எடுங்கள். சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை கூடியிருப்பதாலேயே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றிலும் அது கூடும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் கட்டி, நீர்க்கோப்பு, சி.ஏ.125 மூன்றையும் காட்டி மருத்துவர்களையே ஏமாற்றுவதுண்டு. அதற்குத் தேவை மாத்திரை. சினைப்பையை எடுப்பது அதற்கு வைத்தியமாகாது.

பதின்வயதுப் பெண்ணுக்குக் கெட்டியான கட்டி என்றால் அறுவைக்கு முன்பே ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். அந்த வயதில் வரும் முளைச்செல் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை ஒரு பக்கத்தில்தான் இருக்கும், கீமோவுக்கு நன்றாக அடங்கும். மறு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றி அறுவை செய்ய முடியும். சந்தேகமான கட்டியில் ஊசி குத்தி நீரை இறக்கச் சம்மதிக்காதீர்கள். கட்டி உள்ளே உடைந்து சிந்தினால் முதல் நிலையின் ‘அ’ பிரிவில் உள்ள புற்றுநோய் ‘இ’ பிரிவுக்குப் போய்விடும். இத்தகைய அறுவையை மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணர்தான் செய்ய வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் அதற்கான துறைகள் இருக்கின்றன. பக்கத்து நர்சிங் ஹோமில் நாளைக்கே முடித்துவிடலாம் என்பது இங்கே வசதி அல்ல, ஆபத்து.

கருமுட்டையைச் சேமிப்பது: கேட்டால்தான் சொல்வார்கள்

கீமோ தொடங்குவதற்கு முன், அல்லது இரு பக்க அறுவைக்கு முன், கருமுட்டையையோ கருவையோ உறைய வைத்துச் சேமிக்க முடியும். மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். வயதுக்கு வராத சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவையே உறைய வைக்கும் முறை இருக்கிறது. உறைய வைத்த சினைப்பைத் திசுவைத் திரும்பப் பொருத்தியபின் முதல் குழந்தை 2004-இல் பெல்ஜியத்தில் பிறந்தது. சினைப்பையிலேயே புற்றுநோய் இருந்தால் அந்தத் திசுவைத் திரும்ப வைப்பது நோயையும் திரும்பக் கொண்டுவரலாம். ஊசி குத்தி முட்டை எடுப்பதும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஆகவே புற்றுநோய் மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். பேச வைக்க வேண்டியது நீங்கள். முதல் கீமோ ஏறிய பிறகு கேட்பதில் பெரிய பயனில்லை.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (2021) பதிவு பெற்ற மையங்கள் மட்டுமே இதைச் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 21 வயது கடந்த, திருமணமாகாத பெண்ணும் தன் கருமுட்டையைச் சேமிக்கலாம். கருவாகச் சேமித்தால் பத்து ஆண்டு வரைதான். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதை என்ன செய்வது என்பதையும் எழுத்தில் வாங்காமல் மையம் சேமிக்கக் கூடாது. அந்தப் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

அறுவைக்கு முன் ஏ.எம்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். இது முட்டைகளின் கையிருப்பைத்தான் சொல்லும். குறைவாக இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல. அடுத்து டாக்டரிடம் நான்கு கேள்விகள். கட்டியை மட்டும் எடுக்கிறீர்களா, சினைப்பையையா? இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்? உள்ளே எதிர்பாராதது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா?

பதில்களை ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நீங்களே தமிழில் எழுதுங்கள்: “இடது சினைப்பையிலுள்ள கட்டியை மட்டும் அகற்றச் சம்மதிக்கிறேன். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி, என் சினைப்பையையோ கர்ப்பப்பையையோ என்னைக் கேட்காமல் அகற்றச் சம்மதமில்லை.” கீழே கையெழுத்து, தேதி, நேரம். செல்பேசியில் ஒரு படம்.

இது வீம்பு அல்ல, சட்டம். 1995-இல் டெல்லியில் 44 வயதுத் திருமணமாகாத பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் அதில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதமாகாது. உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலாகத் தாய் தரும் சம்மதமும் செல்லாது. தாய்க்கே இல்லாத அதிகாரம் மாமனாருக்கு எங்கிருந்து வந்தது? மகப்பேற்றுத் திறன் போகக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். கணவர் கையெழுத்து கூடுதலாகத்தான், உங்கள் கையெழுத்துக்கு மாற்றாக அல்ல. பெண்ணுக்கு 18 வயது நிரம்பாவிட்டால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: காலியான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போடாதீர்கள். முந்தின நாளே படிவத்தைக் கேளுங்கள்.

அறுவைக்குப் பின்

பயாப்ஸி ரிப்போர்ட்டை நேரில் போய் வாங்குங்கள். “ஒன்றும் இல்லை” என்று போனில் சொன்னது ரிப்போர்ட் ஆகாது. எல்லைக்கோட்டுக் கட்டி (சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்டது) என்றோ புற்றுநோய் என்றோ வந்தால் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு கருத்துப் பெறுங்கள்.

சந்தேகம் இருந்தால் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி குறிப்பிட்டு, ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, ஸ்கேன், பயாப்ஸி எல்லாவற்றின் நகலும் கேளுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுதான் ஆவணங்களை வைத்திருக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. “டாக்டர் ஊரில் இல்லை”, “ரெக்கார்டு ரூம் சாவி இல்லை” என்ற பதில்கள் எனக்கு மனப்பாடம். அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

தனியார் மருத்துவமனை என்றால் முதல் புகார் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார், சென்னை அரும்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. இழப்பீடு வேண்டுமானால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே கண்காணிப்பாளர் அல்லது டீனிடம் மனு, பிறகு தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம், தேவைப்பட்டால் நீதிமன்றம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

அந்த 27 வயதுப் பெண்ணுக்கு இடது சினைப்பை இருக்கிறது. அதனால் தாயாகும் வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் எடுத்த சினைப்பையை எந்த ஆணையமும் திரும்ப வைக்காது. தங்கச்சி, உன் உடம்புக்கு நீதான் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படி.