சிவப்புச் சதுரத்துக்குள் ஒரு விவசாயப் பெண்!

உங்கள் டிராயிங் நோட்டில் ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் சிவப்பு வண்ணத்தை நிரப்பி, கீழே 'விவசாயப் பெண்' என்று எழுதி ஓவிய ஆசிரியரிடம் நீட்டுங்கள். என்ன நடக்கும்? முறைப்பார்!

ஆனால், 1915ல் ஓர் ஓவியர் இதைத்தான் செய்தார். அவர் பெயர் காசிமிர் மாலெவிச். வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு சிவப்புச் சதுரம். அதற்கு அவர் வைத்த நீளமான பெயரில் 'இரு பரிமாணங்களில் விவசாயப் பெண்' என்று வருகிறது. உற்றுப் பார்த்தால் அது சரியான சதுரம்கூட இல்லை. ஒரு மூலை கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். வயல் வேலையைப் பார்த்தே இராதவர் கிண்டலுக்கு வரைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், குட்டீஸ்!

மாலெவிச் பிறந்தது 1879ல், கீவ் நகரத்தில். இன்று அது உக்ரைன் நாட்டின் தலைநகரம். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. அங்கே சர்க்கரை எடுப்பது கரும்பிலிருந்து அல்ல, பீட் என்ற கிழங்கிலிருந்து. அதனால் ஆலைகள் கிராமங்களை ஒட்டியே இருக்கும். சிறுவன் காசிமிருக்கு ஆலையைவிட விவசாயிகளின் குடிசைகள்தான் பிடித்தன. அவர்கள் சுவரிலும் அடுப்பிலும் பூக்களும் பறவைகளும் வரைவதை வேடிக்கை பார்ப்பான். களிமண்ணால் தரை மெழுகவும் கூட நிற்பான். நம் ஊரில் பாட்டி சாணம் மெழுகும்போது நீங்களும் கையை விட்டிருப்பீர்களே, அப்படித்தான்! அவனுடைய முதல் ஓவியப் பள்ளி அந்தக் குடிசைகள்தான்.

பெரியவரானதும் அந்த மக்களையே வரைந்தார். 1912ல் வரைந்த 'விறகுவெட்டி'யைப் பாருங்கள். கோடரி பிடித்த மனிதர், அவரைச் சுற்றிலும் மரத்துண்டுகள். சட்டை தகரத்தை வளைத்துச் செய்தது போல இருக்கிறது. கை எது, கட்டை எது என்று தேட வேண்டும்! 'ரை' என்ற தானியத்தை அறுவடை செய்யும் பெண்களையும் இப்படித்தான் உருளை உருளையாக வரைந்தார். இன்னொரு படத்தில், பனிப்புயல் ஓய்ந்த காலையில் இரண்டு பெண்கள் வாளிகளோடு நமக்கு முதுகைக் காட்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். தூரத்தில் ஒரு குட்டி உருவம் சறுக்குவண்டி இழுத்துப் போவதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1927ல் தன் ஓவியங்களை எடுத்துக்கொண்டு போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார். திடீரென நாடு திரும்ப வேண்டியிருந்தது. சுமார் 70 ஓவியங்களை பெர்லினிலேயே விட்டுவிட்டு வந்தார். மறுபடி அவற்றைப் பார்க்கவே இல்லை. அவற்றில் பலவற்றை 1958ல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் வாங்கியது. விறகுவெட்டி இப்போது அங்கேதான் இருக்கிறார்.

ஊர் திரும்பிய மாலெவிச், மீண்டும் விவசாயிகளை வரையத் தொடங்கினார். இந்தமுறை முகம் இல்லை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது.

அப்போது ரஷ்யாவில் ஸ்டாலின் ஆட்சி. விவசாயிகளின் நிலத்தைப் பறித்துக் கூட்டுப் பண்ணையாக்கினார்கள். 1932, 33ல் உக்ரைனில் கொடும் பஞ்சம் வந்து பல லட்சம் பேர் செத்தார்கள். ஓவியர்களோ சிரித்த முகமான விவசாயிகளை டிராக்டரோடு வரைய வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது! மாலெவிச்சை 1930ல் கைது செய்து, விசாரித்து, பிறகுதான் விட்டார்கள்.

அந்தக் காலத்துப் படம் ஒன்றில், மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். முகம் வெறும் முட்டை வடிவம். பின்னால் ஒரு சிவப்பு வீடு. அதற்கு ஜன்னல் இல்லை, கதவும் இல்லை. படத்தின் பின்பக்கத்தில் வெறுமை, தனிமை, வழியில்லாத வாழ்க்கை என்ற உணர்வுகளால் ஆனது இந்தப் படம் என்று எழுதி, 1913 என்று பழைய ஆண்டையும் போட்டு வைத்தார்!

1935ல் மாலெவிச் இறந்தார். அவருடைய சாம்பலை மாஸ்கோவுக்கு அருகே, வயல்வெளியில் ஓர் ஓக் மரத்தடியில் புதைத்தார்கள். மேலே வெள்ளைக் கனசதுரம் ஒன்று. அதில் ஒரு கறுப்புச் சதுரம். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கல்லறை அழிந்துபோனது.