பார்க்க வேண்டிய இடங்களும் சந்திக்க வேண்டிய மனிதர்களும்



நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆண்டில், ஒரு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பட்டியல்கள் எழுதினேன். இடப்பக்கம் பார்க்க வேண்டிய இடங்கள்: எருசலேம், உரோமை, அசிசி, லூர்து. வலப்பக்கம் சந்திக்க வேண்டியவர்கள்: ஒன்பது பெயர்கள். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, சங்கரன்கோவிலில் என் அறையை ஒழுங்குபடுத்தியபோது அந்த நாட்குறிப்பு கைக்குக் கிடைத்தது. இடப்பக்கத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வலப்பக்கத்தில் இருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். அவர்களுள் மூவரை நான் போய்ப் பார்க்கவே இல்லை.

ஐம்பது வயதை நெருங்கும்போது நம்மில் பலருக்கும் இந்த ஏக்கம் வருகிறது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள்; கால்களில் இன்னும் வலு இருக்கிறது; இப்போது பார்க்காவிட்டால் எப்போது பார்ப்பது? இந்த ஏக்கம் தவறானதல்ல. தூய பவுலுக்கும் அது இருந்தது.

பவுலின் இரண்டு பட்டியல்கள்

உரோமையருக்குத் திருமுகம் எழுதியபோது பவுலுக்கு ஏறக்குறைய ஐம்பது வயது இருந்திருக்கும் என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கணிப்பு. அதன் 15ஆம் அதிகாரத்தில் தம் பயணத் திட்டத்தைச் சொல்கிறார். முதலில் எருசலேமுக்குப் போக வேண்டும். பிறகு உரோமை வழியாக ஸ்பெயின் நாட்டுக்குச் செல்ல வேண்டும் (உரோ 15:23-28). உரோமைக்கு அவர் போய்ச் சேர்ந்தார், ஆனால் கைதியாக. ஸ்பெயினை அடைந்தாரா என்பதை விவிலியம் சொல்லவில்லை.

அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் மனிதர்களின் பட்டியல் வருகிறது. பிரிஸ்கா, அக்கிலா என்று தொடங்கி இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். தமக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள், தம்மோடு சிறையில் இருந்தவர்கள், கடினமாக உழைத்த பெண்கள் என ஒவ்வொருவரையும் நினைவுகூருகிறார். ரூபு என்பவரின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார் (உரோ 16:13). திருப்பலி வாசகங்களில் பெயர்கள் அடுக்கடுக்காக வந்தால் நாம் சற்றுச் சலிப்போடு கேட்கிறோம். ஆனால் பவுலின் வாழ்க்கையில் நிறைவேறிய பட்டியல் இதுதான். ஸ்பெயின் திட்டமாக நின்றுவிட்டாலும், இந்த மனிதர்கள் அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தார்கள்.

அருகில் இருப்பவை

இடங்களைக் காண்பதும் நல்லதே. ஆனால் அதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஆடித்தபசு நாள்களில் நம் ஊர் கொள்ளாத அளவுக்கு மக்கள் வருகிறார்கள். நாமோ வேறு ஊர்களுக்கு ஏங்குகிறோம்! கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய 8ஆம் நூற்றாண்டு வெட்டுவான் கோயிலைப் பலர் பேருந்தின் சன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு இருக்கிறது. காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருத்தலம் இருக்கிறது.

அந்தக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் இந்தியா வந்தவர். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. சுப்பிரதீபக் கவிராயர் போன்றவர்களிடம் அமர்ந்து தமிழ் கற்றார் என்று சொல்லப்படுகிறது. தேம்பாவணியை 1726இல் முடித்தபோது அவருக்கு வயது 46. சதுரகராதியை 1732இல் தந்தபோது 52. வந்த இடத்தைச் சுற்றிப் பார்த்ததோடு நின்றிருந்தால் இவை பிறந்திருக்குமா? இங்குள்ள மனிதர்களோடு உட்கார்ந்து பேசியதால் பிறந்தவை அவை.

தாமதமாகப் போன பயணம்

என் பட்டியலில் முதல் பெயர், சிறுவயதில் எனக்குச் செபங்களும் பூசை உதவியும் கற்றுத்தந்த உபதேசியாருடையது. பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருந்தார். "சாமியை ஒருதரம் பார்க்கணும்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். தவக்காலம் முடியட்டும், திருவிழா முடியட்டும், கோவில் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அவரது அடக்கத் திருப்பலிக்குத்தான் போனேன். அவருடைய மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க எப்படியும் வருவீங்கன்னு சாயங்காலம் ஆனா வாசல்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாரு சாமி" என்றார். அந்த நாற்காலி அன்றும் வாசலில்தான் இருந்தது.

பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், நோயாளர்களையும் தனித்திருப்போரையும் தேடிச்செல்ல வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529ஆம் சட்டம் கூறுகிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனால் அதன் பொருளை அந்த நாற்காலியைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

நாம் செய்யக்கூடியது

பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அந்த ஆண்டில் ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்தாரிடமும் திரும்ப வேண்டும் என்பது சட்டம் (லேவி 25:10). அது மக்கள் அனைவருக்குமான ஆண்டு. தனி ஒருவரின் வயதைப் பற்றியது அல்ல. ஆயினும், ஐம்பதைத் தொட்ட நமக்கு அதில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. புதிய ஊர்களைத் தேடுவதற்கு முன், திரும்பிப் போக வேண்டிய வீடுகள் எவை என்று கேட்டுப் பார்ப்போம்.

ஒரு தாளை எடுத்து நீங்களும் இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர், கஷ்டகாலத்தில் கடன் கொடுத்தவர், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் அல்லது தங்கை என்று பெயர் பெயராக எழுதுங்கள். மாதத்துக்கு ஒருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள். மரியா எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் என்கிறார் லூக்கா (லூக் 1:39).

என் பட்டியலில் இன்னும் நால்வர் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு என் முகம் நினைவில்லை. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. மற்ற மூவரையும் காண இறைவன் எனக்கும் அவர்களுக்கும் நாள்களைத் தருவாராக. உங்கள் பயணங்களையும் அவர் ஆசீர்வதிப்பாராக.