க்யூரேட்டிங்: எம்.ஏ. படிச்சாதான் ஆகணுமா?

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு தோழி எழுதியிருந்தாங்க: “விஸ்காம் முடிச்சிட்டேன். லண்டன்ல க்யூரேட்டிங் எம்.ஏ. படிக்கணும். வீட்டை அடகு வெச்சு லோன் எடுக்க அப்பா தயார். போகலாமா?” வீடுன்னு வந்துட்டதால இன்னைக்கு இதையே பேசிடுவோம்.

இது ரொம்பப் பழைய படிப்பு இல்லை. பிரான்ஸ்ல க்ரெனோபிள் நகரத்துல 1987, அமெரிக்காவுல பார்ட் கல்லூரி 1990, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல 1992. அவ்வளவுதான் இதோட வயசு. ஜெர்மனியில காசெல் நகரத்துல நடக்குற பெரிய கண்காட்சி டாகுமெண்டா. 2002-ல அதை நடத்தின ஒக்வி என்வேஸர், ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்த அதோட முதல் இயக்குநர். அவர் படிச்சது அரசியல் அறிவியல்!

சரி, வகுப்புல என்னதான் நடக்குது? நல்ல படைப்பாப் பார்த்துத் தேர்ந்தெடுக்கறதுன்னு நினைப்போம். பாதி காகித வேலைங்க. ஒரு படைப்பு கிளம்பும்போதும் வந்து இறங்கும்போதும் ஒவ்வொரு கீறலையும் போட்டோவோட பதிவு பண்ணணும். காகிதத்துல வரைஞ்சதுன்னா வெளிச்சம் சுமார் 50 லக்ஸுக்குள்ள இருக்கணும். இரவல் ஒப்பந்தம், இன்சூரன்ஸ், சுவர்ல ஒட்டுற சின்னக் குறிப்பு. அந்தக் குறிப்புதான் இருக்கறதுலயே கஷ்டம். பார்வையாளரை முட்டாளாக்காம எழுதணும். ‘பராமரிப்பு’ன்னு பொருள் வர்ற லத்தீன் சொல்லுலேர்ந்துதான் க்யூரேட்டர்ங்கிற பேரே வந்துச்சு.

மீதிப் பாதி சண்டை. பல கோர்ஸ்ல மாணவர்கள் கூட்டாச் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தணும். ஒரு போராட்டப் புகைப்படத்தை விளம்பரப் படத்துக்குப் பக்கத்துல மாட்டினா ஒரு அர்த்தம், தனியா மாட்டினா வேற அர்த்தம். ஏன் அங்க மாட்டினன்னு சக மாணவர்கள் துளைச்சு எடுப்பாங்க. கட்டுற ஃபீஸுக்கு உருப்படியான விஷயம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா அதுக்கு வீட்டை அடகு வைக்கலாமா? வேண்டாம்னுதான் சொல்வேன். வெளிநாட்டு மாணவருக்கு ஃபீஸ் உள்ளூர்க்காரரைவிட ரொம்ப அதிகம். முடிச்சு வந்தா மாசச் சம்பள வேலை குறைவு, ப்ராஜெக்ட் ப்ராஜெக்டா ஓடணும். இ.எம்.ஐ.க்கு அது புரியாது. ஸ்காலர்ஷிப் கிடைச்சா தாராளமாப் போங்க. செவனிங் ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கும், இன்லாக்ஸையும் பாருங்க.

அதுவரைக்கும் கொச்சி இருக்கு. அங்க பியென்னாலேயோட சேர்ந்து 2014-லேர்ந்து ஸ்டூடண்ட்ஸ் பியென்னாலே நடக்குது. இளம் க்யூரேட்டர்கள் கலைக் கல்லூரிகளுக்கே போய் மாணவர்களோட வேலை செய்யறாங்க.

அப்புறமும் லண்டன்தான்னா, அப்ளை பண்றதுக்கு முன்னாடி கோர்ஸுக்கு ஒரு மெயில் போடுங்க. ரெண்டே கேள்வி: மூணு வருஷம் முன்னாடி படிச்சவங்க இப்ப என்ன பண்றாங்க? மாணவர் கண்காட்சிக்குக் காசு யாரு தர்றாங்க?