பேசாதவர் பெற்ற செல்வாக்கு

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் வாயில்லாப் பூச்சிகளின் கதி என்ன?

கிருஷ்ணகிரி ஜில்லாவில், கர்நாடக, ஆந்திர எல்லைகளுக்கு அருகே இருக்கிறது வேப்பனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் சீமை அது. அங்கிருந்து ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகும் சங்கோஜியான ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வேலையில் குறையில்லை, ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் நா எழாது. வாய்ச்சாலகமுள்ளவர்கள் முந்திக்கொள்ள, தம் பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. அவர்களுக்காக ஒரு வக்கீலின் கதையைச் சொல்கிறேன்.

1891-ல் சீமையிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய அந்த இளைஞர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தம் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். தலை சுற்றியது, கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாய் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அவர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

1893-ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நாற்பதினாயிரம் பவுன் வழக்கு. எதிரியோ தாதாவின் உறவினரான தயப் சேட். வழக்கு முழுதும் கணக்கு. காந்திக்கோ கணக்குத் தெரியாது. புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டார். தஸ்தாவேஜிகளைத் துருவிப் பார்த்தார். பிறகு எதிரியையே நேரில் சந்தித்து, வழக்கை மத்தியஸ்தத்துக்கு விடச் சம்மதிக்கச் செய்தார்.

தாதா ஜெயித்தார். ஆனால் ஏறக்குறைய 37,000 பவுனை ஒரே தடவையில் கட்ட நேர்ந்தால் தயப் சேட் திவாலாகிவிடுவார். நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளும்படி காந்தி தம் கட்சிக்காரரிடம் மன்றாடி இணங்கச் செய்தார். இரு தரப்பாரும் மகிழ்ந்தனர். இருவருக்கும் ஊரில் மதிப்பு உயர்ந்தது. கோர்ட்டில் வாய் திறக்க முடியாதவரை இரண்டு வியாபாரிகளும் நம்பினார்கள்!

மறு வருஷம் டர்பனில் நடந்தது இன்னும் பெரிது. பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலி, எஜமான் அடித்துப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக அவரிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தி நின்றார். வெள்ளையரைப் பார்க்கப் போகும் கூலிகள் அப்படித்தான் நிற்கவேண்டுமாம். அதைக் கட்டிக்கொள்ளும்படி சொன்னார் காந்தி. தமிழரான தம் குமாஸ்தாவின் மூலம் விஷயத்தைக் கேட்டறிந்தார். டாக்டரிடம் அனுப்பினார், மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்றார், வேறோர் எஜமானிடம் மாற்றுவித்தார். அந்தச் செய்தி நேட்டாலிலுள்ள கூலிகள் காதுக்கெல்லாம் எட்டியது. நமக்கென்று ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை பிறந்தது. அதற்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

மௌனம் மட்டும் செல்வாக்குத் தந்துவிடாது என்பதையும் கவனியுங்கள். அநியாயத்தைக் கண்டபோது காந்தி பேசாமலிருக்கவில்லை. கூட்டத்தில் முழங்காதவர், தனியே ஒருவரிடம் பொறுமையாகப் பேசினார், அவ்வளவே.

வேப்பனப்பள்ளிப் பிள்ளைக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. தன் இயந்திரத்தைப் பிறரைக் காட்டிலும் நன்றாக அறியட்டும். பக்கத்தில் நிற்கும் கன்னடத் தோழரின் பாஷையில் நாலு வார்த்தை கற்கட்டும். பிறர் தவறு செய்தால் பலர் முன் சொல்லாமல் தனியே சொல்லட்டும். கொடுத்த வாக்கைக் காக்கட்டும். ஒருநாள் இக்கட்டு வரும்போது, தொழிலாளியும் மேலதிகாரியும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். அன்று அவன் சொல்லும் ஒரு வார்த்தை போதும்.

ஆகையால், பெற்றோர்களே, "ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். "இன்று யாருக்கு உதவினாய்?" என்று கேளுங்கள்.