பூகம்பமும் பழஞ்சின்னங்களும்

பழங்கோயில் ஒன்று பூகம்பத்தில் இடிந்து விழுமாயின், அதனை முன்போல் எழுப்புவது எங்ஙனம்? எத்தூண் எங்கே நின்றது, கடைக்கால் எத்தகையது என்பவற்றை யார் கூறுவர்? இவ்வினாக்களுக்கு நேபாள நாட்டின் அனுபவத்தைக் கொண்டே நாம் விடை கூற விரும்புகிறோம்.

2015 ஏப்ரல் 25-ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், கூர்க்கா மாவட்டத்தில் தோன்றிய 7.8 அளவுள்ள பூகம்பம் அந்நாட்டை உலுக்கியது. ஏறக்குறைய 9,000 மக்கள் மாண்டனர். 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அரண்மனைச் சதுக்கக் கோயில்கள் பல சரிந்தன. காஷ்டமண்டபம் என்னும் பழைய மர மண்டபமும் வீழ்ந்தது.

நிலம் எவ்வளவு அசைந்தது என்பதைச் செயற்கைக் கோள் அளந்து காட்டியது. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அக்கோள், ராடார் அலைகளைப் பூமிக்கு அனுப்பி, மீண்டு வருபவற்றைப் பதிவு செய்கிறது. பூகம்பத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால் சில சென்டிமீட்டர் அசைவும் புலனாகும். மேகமும் இருளும் இதற்குத் தடையல்ல. இம்முறையால், காத்மாண்டுப் பகுதி சுமார் 1 மீட்டர் உயர்ந்ததையும், வடக்கேயுள்ள மலைப்பகுதி தாழ்ந்ததையும் கண்டனர்.

மற்றொரு பணியை மக்களே செய்தனர். காத்மாண்டு இளைஞர் சிலர், பூகம்பத்திற்கு முன்பே தம் நகரின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் யாவரும் பயன்படுத்தத்தக்க வரைபடமொன்றில் குறித்து வந்தனர். துயரம் நேர்ந்ததும், பல நாட்டுத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து, செயற்கைக் கோள் படங்களைப் பார்த்து மலைக்கிராமப் பாதைகளையும் வீடுகளையும் அதில் சேர்த்தனர். நிவாரணப் பணியாளர்க்கு அது வழிகாட்டியது.

பின்னர், தரையினுள் ஊடுருவும் ராடார் கொண்டு, அச்சதுக்கங்களில் புதைந்துள்ள கட்டடப் பகுதிகளை ஆராய்ந்தனர். காஷ்டமண்டபத்தின் அடியில் அகழ்ந்தபோது, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடைக்கால் உறுதியாய் இருப்பது தெரிந்தது. ஆராயாமல் புதுக் கடைக்கால் தோண்டியிருப்பின் அப்பழஞ்சான்று அழிந்திருக்கும். மண்டபம் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது.

இதனால் நாம் அறிவது யாது? முன்பே செய்து வைத்த பதிவுதான் ஆபத்துக்குப் பின் கை கொடுக்கிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரிலுள்ள பழங்கோயில், மண்டபம், கல்வெட்டு ஆகியவை நிற்கும் இடங்களைக் கிராம வரைபடத்தின் பிரதியொன்றில் குறிப்பார்களாக. நாற்புறமும் நிழற்படம் எடுத்து, நீள அகலங்களை அளந்து ஏட்டில் எழுதி வைப்பார்களாக. அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இன்று கைபேசியே காட்டுகிறது. ஒரு நாள் உழைப்பு போதும். பயனோ பல தலைமுறைக்கு நிற்கும்.