கார்ட்டின் முன்சக்கரக் கோணங்களும் டயர் தேய்மானமும்

பந்தயக் கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியலும் கிடையாது. 1956-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸும் லூ பொரெல்லியும் புல்வெட்டி இன்ஜினைப் பொருத்தி முதல் கார்ட்டை உருவாக்கினர். இன்றும் அதன் அடிப்படை அமைப்பு அதுதான்: எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த சேஸிஸ், அதில் நேரடியாகப் பொருத்திய நான்கு சிறிய சக்கரங்கள், பின்சக்கரங்கள் இரண்டையும் பிணைக்கும் ஒற்றை ஆக்சில். சாதாரணக் காரில் சஸ்பென்ஷனும் டிஃபரென்ஷியலும் செய்கிற வேலையில் பெரும்பகுதி, கார்ட்டில் சேஸிஸின் நெகிழ்வின் மீதும் முன்சக்கரக் கோணங்களின் மீதும் விழுகிறது.

வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கடக்க வேண்டிய தூரம் அதிகம், உட்புறச் சக்கரத்துக்குக் குறைவு. ஆனால் ஒரே ஆக்சிலில் இருக்கும் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். இரண்டும் தரையை அழுத்திப் பிடித்திருந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். அதனால் உட்புறப் பின்சக்கரம் சில நொடிகளாவது தரையிலிருந்து எழும்ப வேண்டும், அல்லது அதன் மீதுள்ள பாரம் வெகுவாகக் குறைய வேண்டும்.

இதைச் செய்வது காஸ்டர் கோணம். முன்சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்புறமாகச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வால், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உட்புற முன்சக்கரம் கீழே அழுந்துகிறது. வெளிப்புற முன்சக்கரம் மேலேறுகிறது. சேஸிஸ் முறுக்கிக்கொண்டு உட்புறப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. காஸ்டரைக் கூட்டினால் இந்தத் தூக்கல் கூடும். ஸ்டியரிங் கனக்கும், முன் டயர்களின் மீதான சுமையும் ஏறும்.

அடுத்தது கேம்பர். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். சாய்ந்த பக்கத்து விளிம்பு அதிகச் சுமை தாங்குவதால் அந்தப் பக்கமே முதலில் தேயும். நெகட்டிவ் அளவு மிஞ்சினால் உள்விளிம்பும், பாசிட்டிவ் அளவு மிஞ்சினால் வெளிவிளிம்பும் கரையும்.

மூன்றாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். உலர்ந்த தடத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டிய அளவோ ஓரிரு மில்லிமீட்டர் டோ-அவுட்டோ வைப்பது வழக்கம். சிறிது டோ-அவுட் இருந்தால் வளைவுக்குள் வண்டி சட்டென்று நுழையும். அளவு கூடினால் நேர்ப்பாதையிலும் இரு சக்கரங்களும் எதிரெதிர்ப் பக்கம் போக முயன்று தடத்தில் உரசிக்கொண்டே ஓடும். முன் டயரின் விட்டம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். டயரின் விளிம்புகளில் அளந்த மொத்த டோ-அவுட் 4 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு முன் டயரும் 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். அந்த உராய்வு ரப்பரைச் சூடாக்கித் தேய்க்கிறது. இன்ஜினின் வலுவிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

தேய்மானத்தைப் படிக்க, டயரின் மேற்பரப்பில் உள்ள சிறு குழிகள் உதவுகின்றன. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் குழியின் ஆழத்தை அளந்து குறித்துவைத்தால் ரப்பர் எங்கே வேகமாகக் கரைகிறது என்பது தெரியும். அகலம் முழுவதும் உப்புத்தாள் தேய்த்ததுபோல் ஒரே சீரான சொரசொரப்பு இருந்தால் கோணங்கள் ஏறக்குறையச் சரி. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்றழுத்தம் அதிகம்; இரு விளிம்புகளும் தேய்ந்து நடு மிஞ்சினால் அழுத்தம் குறைவு. உள்விளிம்பு மட்டும் தேய்வதற்கு நெகட்டிவ் கேம்பரும் காரணமாகலாம், டோ-அவுட்டும் காரணமாகலாம். கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் கூர்மையாகவும் பட்டால் டோ மீது சந்தேகம் கொள்வது பொருத்தம்.

எல்லாத் தேய்மானத்தையும் கோணங்களின் தலையில் கட்டவும் முடியாது. வலப்பக்கத் திருப்பங்கள் மிகுந்த தடத்தில் இடப்பக்க டயர்கள் முந்தித் தேய்வது இயல்பு. வளைவில் முன்பக்கம் திரும்பாமல் சறுக்கிக்கொண்டே போனாலும் முன் டயரின் ரப்பர் உருண்டு சிறு மணிகளாகத் திரளும்.

அளவெடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காற்றழுத்தத்தைச் சரிசெய்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். ஓட்டுநர் பந்தய உடையோடு இருக்கையில் அமர வேண்டும். அவருடைய எடையில் சேஸிஸின் நடுப்பகுதி தாழ்ந்து, சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கம் சாய்வதால் ஆளில்லா வண்டியில் எடுத்த அளவு பயன்படாது. பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டி, சக்கரங்களில் லேசர் கருவியையோ அலுமினியத் தகடுகளையோ பொருத்தி அளக்கிறார்கள். கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறிவிடும் என்பதால் காஸ்டரும் கேம்பரும் முதலில், டோ கடைசியில். முதல் இரண்டையும் கிங்பின்னின் மேலும் கீழும் உள்ள, துளை மையம் விலகிய புஷ்களைத் திருப்பி மாற்றலாம். டோவை மாற்ற, ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி ராடைச் சுழற்றினால் போதும். இருமுனையிலும் மரைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அதன் நீளம் கூடும் அல்லது குறையும். இரு பக்கமும் சம அளவில் சுழற்றாவிட்டால் ஸ்டியரிங் நேராக நிற்காது.

மழையில் கணக்கு மாறுகிறது. ஈரத்தடத்தில் பிடிப்பு குறைவதால் சேஸிஸ் போதிய அளவு முறுக்காது, பின்சக்கரமும் எழாது. எனவே காஸ்டரையும் டோ-அவுட்டையும் கூட்டி, முன்சக்கரங்களை அகலமாக வைப்பார்கள். தடம் காய்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் டயர்கள் விரைவில் கரைந்துவிடும்.

தடத்தோரக் கல்லில் ஒருமுறை பலமாக ஏறினாலும், மற்றொரு கார்ட்டோடு உரசினாலும் டை ராடோ, முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலோ வளைந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டோவைச் சரிபார்ப்பது அவசியம். திருத்தம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரே அளவை மாற்றி, சில சுற்றுகள் ஓட்டி, டயரின் மூன்று இடங்களையும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்பதைப் பிரித்தறிய வழியில்லை.