மவுஸ் உங்கள் கைக்கு ஏற்ப மாறட்டும்... இரண்டே நிமிட செட்டிங்ஸ்!

எழுதுவது இடது கையில், மவுஸ் பிடிப்பது மட்டும் வலது கையில்! இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகள் பலரின் நிலை இதுதான். வீட்டு கம்ப்யூட்டரில் மவுஸ் வலது பக்கம் இருக்கும். 'அது அப்படித்தான்' என்று அவர்களும் பழகிவிடுகிறார்கள். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். அவர்களுக்கான வசதி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.

பட்டனை மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' பகுதிக்குள் 'மவுஸ்' இருக்கும். அங்கே 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்பதில் 'ரைட்' என்று மாற்றுங்கள். மவுஸை கீபோர்டின் இடது பக்கம் வைத்தால், இடது கை ஆள்காட்டி விரல் சரியாக அந்த பட்டன் மேல் உட்காரும்.

மாற்றியவுடன் ஒரு குழப்பம் வரும். வழக்கம்போல லெஃப்ட் பட்டனை அழுத்தினால், ஃபைல் திறக்காமல் மெனு வந்து நிற்கும். மவுஸ் கெட்டுப்போகவில்லை, பட்டன்களின் வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பழையபடி மாற்ற வேண்டுமென்றாலும் ரைட் பட்டனால்தான் கிளிக் செய்ய வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டர், பல கைகள்

மகளுக்காக மாற்றினால் அப்பா தடுமாறுவாரே? இருவருக்கும் தனித்தனி யூஸர் அக்கவுன்ட் உருவாக்கிவிடுங்கள். இந்த செட்டிங் ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் தனியாகவே பதிவாகும்.

ஸ்டார்ட் மெனு எங்கே போச்சு?

1995-ல் விண்டோஸ் 95-உடன் வந்த ஸ்டார்ட் பட்டன், இடது பக்க மூலையில்தான் பல ஆண்டுகள் இருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவில் கொண்டுவந்து வைத்தது. பழைய இடத்தையே கை தேடுகிறதா? டாஸ்க்பாரின் காலி இடத்தில் மெனுவை வரவழைத்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில், 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்குத் திரும்பிவிடும்.

வாங்கும்போது கவனம்

சில மவுஸ்கள் வலது உள்ளங்கைக்கு ஏற்ப வளைந்திருக்கும். பட்டனை மாற்றினாலும் அந்த வளைவு மாறாது. இரு பக்கமும் ஒரே வடிவில் உள்ள மவுஸை வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும்.

இடது கையால் மவுஸை இழுக்கும் பிள்ளையிடம் 'கையை மாத்து' என்று சொல்வதற்கு முன், செட்டிங்ஸை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்!